நிரலகப் புதுப்பிப்பும் ஒலிக் குறுந்தகட்டுப் பெயர்த்தெடுப்பும்: லினக்ஸ் இயங்குதளத்தில் எழும் பிழைகளும் அவற்றைக் களையும் முறைகளும்

ஆய்வுச்சுருக்கம்

குறுந்தகட்டில் உள்ள ஒலியைக் கணினிக் கோப்பாகப் பெயர்த்தெடுக்கும் மென்பொருள்கள், லினக்ஸ் இயங்குதளத்தைப் புதுப்பித்த பின்னர் இயங்க மறுப்பது பரவலாகக் காணப்படும் சிக்கலாகும். மென்பொருளில் நேர்ந்த பழுதாகக் கருதப்படும் இச்சிக்கல், பெரும்பாலும் நிரலுக்கும் அது சார்ந்திருக்கும் நிரலகத்திற்கும் இடையிலான உடன்பாடு முறிவதால் தோன்றுகிறது. இம்முறிவின் வகைகளையும், அவற்றை இனங்காணும் வழிகளையும், தீர்வுகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. மென்பொருளை மீண்டும் இயங்கச் செய்வதோடு பணி நிறைவடைவதில்லை. அது தரும் ஒலி முன்னைப் போலவே பிழையற்றதா எனச் சோதிப்பதே ஆவணப் பாதுகாப்புக்கு இன்றியமையாதது என்பதையும் இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: லினக்ஸ், குறுந்தகடு, ஒலி ஆவணம், நிரலகம், இருமநிலை இடைமுகம், சரிபார்ப்புத் தொகை.

1. முன்னுரை

நாட்டார் வழக்காறு, வட்டார வழக்கு, இசை முதலிய துறைகளில் கள ஆய்வு மேற்கொண்டோர் தம் ஒலிப்பதிவுகளை ஒரு காலத்தில் எழுதுவகைக் குறுந்தகடுகளில் சேமித்து வைத்தனர். அத்தகடுகளின் கரிமச் சாயப்படலம் ஒளி, வெப்பம், ஈரப்பதம் ஆகியவற்றால் சிதையக்கூடியது. புதிய மடிக்கணினிகளில் குறுந்தகட்டு இயக்கி இடம்பெறுவதும் அரிதாகிவிட்டது. எனவே எஞ்சியுள்ள தகடுகளைக் கோப்புகளாக மாற்றும் பணி காலத்தோடு போட்டியிடும் பணியாக உள்ளது.

இப்பணிக்குக் கட்டற்ற மென்பொருள்கள் பெரிதும் உதவுகின்றன. சிடிபாரனோயா, ஏபிசிடிஇ, விப்பர், சவுண்ட் ஜூசர், கே3பி ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. ஆயினும் இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள், நேற்றுவரை இயங்கிய மென்பொருள் ஒரு வரிப் பிழைச்செய்தியோடு நின்றுவிடுவதுண்டு. அந்நிலையில் கிடைத்த கட்டளைகளையெல்லாம் இட்டுப் பார்த்து எவ்வாறேனும் அதனை இயங்கச் செய்வது இயல்பாக உள்ளது. அவ்வாறு இயங்கத் தொடங்கிய மென்பொருள் பிழையான ஒலியைத் தருமாயின், அதனை நம்பி மூலத்தகட்டைக் கைவிட்ட ஆய்வாளருக்கு நேரும் இழப்பு ஈடுசெய்ய இயலாதது. எனவே இப்பிழைகளின் காரணத்தை அறிந்து தீர்வு காண்பது தேவையாகிறது.

காப்புப் பூட்டு இடப்பட்ட திரைப்பட வட்டுகள் தொடர்பான தொழில்நுட்பமும் சட்டமும் தனி ஆய்வுக்குரியவை. ஒலிக் குறுந்தகடுகள் மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

2. ஒலிக் குறுந்தகட்டின் இயல்பு

ஒலிக் குறுந்தகட்டில் ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள் வீதம், ஒவ்வொரு மாதிரியும் 16 பிட் அளவில், இரு தடங்களாக ஒலி பதியப்படுகிறது. ஒரு நொடி ஒலி 75 பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பகுதியின் அளவு 2,352 பைட். அதில் இரு தட மாதிரிகள் 588 அடங்கும்.

தரவுத்தகட்டில் இதே 2,352 பைட்டுகளுள் 2,048 மட்டுமே பயனரின் தரவுக்கு ஒதுக்கப்படுகின்றன. எஞ்சியவை முகவரிக்கும் கூடுதல் பிழைதிருத்தத்திற்கும் பயன்படுகின்றன. ஒலித்தகட்டில் 2,352 பைட்டுகளும் ஒலியே. இக்கூடுதல் பாதுகாப்பு அதற்கு இல்லை. ஆகையால் கீறல் விழுந்த இடத்தில் இயக்கி தானே ஊகித்து நிரப்பிய ஒலியையும் மெய்யான ஒலியைப் போலவே கணினிக்குத் தரக்கூடும். ஒரே பகுதியைப் பலமுறை படித்தும், அடுத்தடுத்த பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு படித்து ஒப்பிட்டும் இக்குறையை ஈடுசெய்வதே சிடிபாரனோயாவின் அடிப்படை உத்தியாகும்.

ஒலித்தகட்டைப் படிப்பது ஒரு கோப்பைப் படியெடுப்பது போன்ற எளிய செயலன்று என்பது இதனால் தெளிவாகிறது. இயக்கியோடு நுட்பமாக உரையாடும் இப்பணியின் பெரும்பகுதியை நிரலகங்களே செய்கின்றன.

3. நிரலும் நிரலகமும்

பல நிரல்களுக்குப் பொதுவான செயற்கூறுகளின் தொகுப்பே ‘லைப்ரரி’ என வழங்கும் நிரலகமாகும். குறுந்தகட்டை அணுகுவதற்கு லிப்சிடிஐஓ என்னும் நிரலகமும், ஒலியைச் சுருக்குவதற்கு லிப்ஃபிளாக் போன்றவையும் பயன்படுகின்றன. இவையனைத்துக்கும் அடித்தளமாக அமைவது ஜிலிப்சி. நிரல் தொடங்கும்போது இயங்குநேர இணைப்பி என்னும் சிறு நிரல் முதலில் செயற்பட்டு, தேவையான நிரலகங்களைத் தேடிச் சேர்க்கிறது.

இத்தேடலில் ‘சோநேம்’ எனப்படும் அழைப்புப் பெயர் முதன்மை பெறுகிறது. ‘லிப்சிடிஐஓ.எஸ்ஓ.18’ என்னும் பெயரில் இறுதியில் நிற்கும் எண் மென்பொருளின் வெளியீட்டு எண்ணன்று. அது நிரலகத்தின் இருமநிலை இடைமுகத்தைக் குறிக்கும் எண்ணாகும். எந்தச் செயற்கூறு எந்த வரிசையில் எவ்வகை மதிப்புகளை ஏற்கும், தரவுக் கட்டமைப்பில் எந்த உறுப்பு எத்தனையாவது பைட்டில் தொடங்கும் என்பன போன்ற வரையறைகளின் தொகுதியே இருமநிலை இடைமுகம். பழைய நிரல்களுக்கு ஒவ்வாத மாற்றம் நிகழும்போது நிரலகத்தை ஆக்கியோர் இவ்வெண்ணை உயர்த்துகின்றனர். எண் உயர்வு என்பது பழைய உடன்பாடு இனிச் செல்லாது என்னும் அறிவிப்பாகும்.

4. புதுப்பிப்பின்போது நிகழ்வது

உபுண்டு 20.04 வெளியீட்டில் லிப்சிடிஐஓ 2.0 இடம்பெற்றிருந்தது, அதன் அழைப்புப் பெயர் 18 என முடியும். உபுண்டு 22.04 வெளியீட்டில் லிப்சிடிஐஓ 2.1 இடம்பெற்றது, அதன் அழைப்புப் பெயர் 19 என முடியும். இப்புதுப்பிப்பில் இருவகை நிரல்கள் இருவேறு நிலையை அடைகின்றன.

வழங்கலின் பொதிக் களஞ்சியத்திலிருந்து நிறுவப்பட்ட நிரல்கள் முதல் வகை. நிரலகத்தின் எண் மாறும்போது, அதனைச் சார்ந்த பொதிகள் அனைத்தையும் வழங்கலின் பராமரிப்பாளர்கள் புதிதாகத் தொகுத்து வெளியிடுகின்றனர். எனவே அவை பொதுவாக இடையூறின்றி இயங்குகின்றன. பயனர் தாமே மூலநிரலிலிருந்து தொகுத்தவையும், வெளியிடத்திலிருந்து பதிவிறக்கியவையும் இரண்டாம் வகை. பொதி மேலாளருக்கு அவற்றின் இருப்பே தெரியாது. அவை பழைய 18ஐயே தேடி, காணாது நின்றுவிடுகின்றன.

ஆர்ச் லினக்ஸ் போன்ற தொடர் வெளியீட்டு வழங்கல்களில் இம்மாற்றம் எந்த நாளிலும் நிகழலாம். அங்கு ஒரு பொதியை மட்டும் புதுப்பித்துப் பிறவற்றை விட்டுவைக்கும் பகுதிப் புதுப்பிப்பு ஆதரிக்கப்படாமைக்கு இதுவே காரணம். பயனர் களஞ்சியத்திலிருந்து தொகுக்கப்பட்டவற்றை நிரலகம் மாறியபின் பயனரே மீண்டும் தொகுக்க வேண்டும்.

ஒத்த பெயர்களால் எழும் மயக்கமும் இங்குச் சுட்டத்தக்கது. ‘சிடிபாரனோயா’ என்பது தனக்கெனச் சொந்த நிரலகங்களைக் கொண்ட மூலமென்பொருள். இடையில் சிறுகோடு பெற்ற ‘சிடி-பாரனோயா’ என்பது லிப்சிடிஐஓவைச் சார்ந்த அதன் மறுவடிவம். லிப்சிடிஐஓ மாறும்போது பின்னதே பாதிக்கப்படும். எனவே எக்கட்டளை பயன்பாட்டில் இருந்தது என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

5. பிழைகளின் வகைப்பாடு

பிழைச்செய்தியின் சொற்களே நோயின் வகையைக் காட்டிவிடுகின்றன. அவற்றைப் பின்வருமாறு பகுக்கலாம்.

*5.1 நிரலகம் காணப்படாமை:* குறிப்பிட்ட பகிர்வுக் கோப்பைத் திறக்க இயலவில்லை என்னும் செய்தி வரும். அச்செய்தியிலேயே நிரலகத்தின் பெயரும் எண்ணும் இருக்கும். நிரலகம் நீக்கப்பட்டிருக்கலாம், அல்லது இருந்தும் இணைப்பி தேடாத அடைவில் இருக்கலாம். ஃபெடோராவில் பயனரின் சொந்த நிறுவல்களுக்குரிய ‘லோக்கல்’ அடைவு இயல்பாகத் தேடல் பட்டியலில் இல்லாமையால், புதிதாகத் தொகுத்த நிரலகமும் காணப்படாது போகலாம்.

*5.2 பதிப்பு போதாமை:* ஜிலிப்சியின் குறிப்பிட்ட பதிப்பு, எடுத்துக்காட்டாக 2.34, கிடைக்கவில்லை என்னும் செய்தி இவ்வகையைச் சாரும். இதன் திசை முன்னதற்கு நேர்மாறானது. ஜிலிப்சி பழைய நிரல்களைத் தாங்கும் வகையில் பேணப்படுவதால், பழைய நிரல் புதிய ஜிலிப்சியில் பொதுவாக இயங்கும். புதிய இயங்குதளத்தில் தொகுத்த நிரலைப் பழைய இயங்குதளத்திற்குக் கொண்டுசெல்லும்போதே இப்பிழை எழும். உபுண்டு 22.04இல் உள்ளது ஜிலிப்சி 2.35, 20.04இல் உள்ளது 2.31. முன்னதில் தொகுத்தது பின்னதில் இயங்காமற் போவதன் காரணம் இதுவே.

*5.3 செயற்கூறு காணப்படாமை:* நிரலகம் கிடைத்தும், நிரல் அழைக்கும் செயற்கூறு அதில் இல்லாத நிலை இது. ஒரே பெயரில் இரு படிகள் இருந்து, தவறான படி முந்திக்கொள்ளும்போது இது பெரும்பாலும் நேர்கிறது.

*5.4 மொழித் தொகுதிகள் பிரிந்துபோதல்:* ஏபிசிடிஇ ஒரு கட்டளைத்தொடர் நிரல். தகட்டை இனங்காண்பதற்குப் பெர்ல் மொழித் தொகுதிகளின் துணையை நாடுகிறது. விப்பர் பைத்தான் மொழியில் அமைந்தது. உபுண்டு 20.04இல் பெர்ல் 5.30, பைத்தான் 3.8 ஆகியனவும், 22.04இல் பெர்ல் 5.34, பைத்தான் 3.10 ஆகியனவும் உள்ளன. பழைய பைத்தான் பதிப்பின் அடைவில் பயனர் தாமே நிறுவிய தொகுதிகளைப் புதிய பதிப்பு நோக்குவதில்லை. பெர்லின் இருமநிலைத் தொகுதிகளும் புதிய பதிப்பிற்கேற்ப மீண்டும் தொகுக்கப்பட வேண்டும்.

*5.5 நிரலகத்தைச் சாராத பிழைகள்:* புதுப்பிப்பையொட்டித் தோன்றும் எல்லாப் பிழைகளும் அதனால் விளைந்தவை அல்ல. பாடல் விவரங்களை வழங்கிவந்த ஃப்ரீடிபி சேவை 2020ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதன் முகவரியைத் தாங்கிய பழைய அமைவுக்கோப்புகள் தகடு இனங்காணப்படவில்லை என்றே கூறும். அதுபோல டெபியன், உபுண்டு வழங்கல்களில் ‘சிடிராம்’ பயனர் குழுவில் இடம்பெறாத பயனருக்கு இயக்கியை அணுகும் உரிமை மறுக்கப்படலாம். இவற்றுக்கு நிரலகத்தை மாற்றுவது மருந்தாகாது.

6. இனங்காணும் முறை

முதற்படியாக, இயங்கும் கட்டளை எந்த அடைவில் உள்ளது என அறிதல் வேண்டும். ‘லோக்கல்’ அடைவு இயங்குதளத்தின் பொது அடைவுக்கு முன்னரே தேடப்படுவது பல வழங்கல்களின் வழக்கம். ஆகவே புதிய பொதியை நிறுவிய பின்னும், முன்பு தொகுத்த பழைய படியே இயங்கிக்கொண்டிருக்கலாம். புதிய பொதியையும் பழுதானதென எண்ணிப் பயனர் மயங்குவதற்கு இது வழிவகுக்கிறது.

இரண்டாம்படியில் ‘எல்டிடி’ கட்டளை பயன்படுகிறது. நிரல் வேண்டும் நிரலகங்கள் ஒவ்வொன்றும் எங்கிருந்து கிடைக்கிறது, எது கிடைக்கவில்லை என்பதை அது பட்டியலிடும். நம்பகமற்ற நிரல்மீது இதனை ஏவுதல் பாதுகாப்பானதன்று. சில சூழல்களில் அந்நிரலே இயங்கிவிடக்கூடும். அத்தகைய நிரலுக்கு, அதனை இயக்காமலேயே தலைப்பகுதியைப் படித்துக்காட்டும் ‘ரீட்எல்ஃப்’ கட்டளை ஏற்றது. மூன்றாம்படியில், இயங்குதளம் அறிந்த நிரலகங்களின் பட்டியலை ‘எல்டிகான்ஃபிக்’ வாயிலாகப் பெற்று ஒப்பிடலாம். இம்மூன்று படிகளையும் கடந்த பின்னரே தீர்வைத் தேர்ந்தெடுத்தல் முறை.

7. தவிர்க்கவேண்டிய குறுக்குவழி

பழைய எண்ணைத் தேடும் நிரலுக்குப் புதிய நிரலகத்தை அப்பெயரில் காட்டும் குறியீட்டு இணைப்பை உருவாக்குவது பலரும் கைக்கொள்ளும் வழியாகும். அதனால் பிழைச்செய்தி மறைந்துவிடுமாயின் சிக்கல் தீர்ந்ததாகத் தோன்றும். ஆயின் மறைந்தது செய்தி மட்டுமே. உடன்பாடு முறிந்த நிலை அப்படியே நீடிக்கிறது.

புதிய நிரலகத்தின் தரவுக் கட்டமைப்பில் இடையே ஓர் உறுப்பு சேர்க்கப்பட்டிருப்பின், பழைய நிரல் பழைய இடத்திலேயே மதிப்பைத் தேடி வேறொரு மதிப்பைப் பெறும். நிரல் உடனே முறிந்து வீழுமாயின் தவறு வெளிப்பட்டுவிடும். வீழாமல் தொடருமாயின் அதுவே பெருங்கேடு. குறுந்தகட்டுப் பகுதிகளை எண்ணும் முறைகள் இரண்டு உள. அவற்றுக்கிடையே 150 பகுதிகள், அதாவது இரண்டு நொடிகள் வேறுபாடு உண்டு. இவ்வகை மதிப்பொன்று பிறழ்ந்து பொருள்கொள்ளப்பட்டால், பாட்டின் தொடக்கம் இரண்டு நொடி தள்ளிப்போகும், எப்பிழைச்செய்தியும் தோன்றாது. ஒரேயொரு பகுதி விடுபட்டாலும் நொடியில் 75இல் ஒரு பங்கு ஒலி இழக்கப்படும். கேட்போர் செவிக்கு அது புலப்படாது; ஒலிப்பியல் அளவீட்டுக்கோ அது பிழையான சான்றாகிவிடும்.

ஒவ்வோர் எண் மாற்றமும் எல்லா நிரல்களையும் இவ்வாறு பாதிக்கும் என்பதில்லை. அந்நிரல் பயன்படுத்தும் செயற்கூறுகள் மாறாதிருந்தால் குறியீட்டு இணைப்பு பயன்தரவும் கூடும். ஆயினும் அதனை அறிய இரு பதிப்புகளின் மூலநிரலையும் ஒப்பிட வேண்டும். அத்துணை உழைப்புக்கு மறுதொகுப்பே எளிது.

8. ஏற்புடைய தீர்வுகள்

*8.1 வழங்கலின் பொதியை நிறுவுதல்:* பழைய சொந்தத் தொகுப்பை நீக்கி, களஞ்சியத்தில் உள்ள பொதியை நிறுவுவதே முதல் தீர்வு. அடுத்த புதுப்பிப்பின் பொறுப்பு இதனால் பராமரிப்பாளர்களைச் சேர்கிறது.

*8.2 மறுதொகுப்பு:* களஞ்சியத்தில் இல்லாத மென்பொருளைப் புதிய நிரலகத்தின் மேம்பாட்டுப் பொதியோடு மீண்டும் தொகுக்கலாம். பழைய தொகுப்பின் எச்சங்கள் கலவாதிருக்கப் புதிய அடைவில் தொடங்குதல் நலம். சிலபோது மூலநிரலிலும் திருத்தம் தேவைப்படும். 2012இல் லிப்சிடிஐஓ 0.90 வெளிவந்தபோது பாரனோயா பகுதி தனி நிரலகமாகப் பிரிக்கப்பட்டு, அதன் தலைப்புக்கோப்புகளின் இருப்பிடமும் மாறியது. பழைய இருப்பிடத்தைச் சுட்டிய நிரல்கள் அவ்வரிகளைத் திருத்திய பின்னரே தொகுபட்டன.

*8.3 பழைய நிரலகத்தை உடன்வைத்தல்:* அழைப்புப் பெயர்கள் வேறுபடுவதால் 18உம் 19உம் ஒரே கணினியில் ஒருங்கே இருக்க இயலும். மூலநிரல் கிட்டாத மென்பொருளுக்கு, பழைய நிரலகத்தைத் தனி அடைவில் வைத்து, அந்நிரலை ஏவும்போது மட்டும் தேடல்வழி மாறியின் மூலம் அதனைச் சுட்டலாம். அம்மாறியைக் கணினி முழுமைக்கும் நிலையாக அமைத்தால் பிற நிரல்கள் பாதிக்கப்படும்.

*8.4 தனிமைப்படுத்திய சூழல்:* ஃப்ளாட்பேக் போன்ற முறைகளில் மென்பொருள் தனக்கு வேண்டிய நிரலகங்களோடு இயங்குவதால், இயங்குதளப் புதுப்பிப்பு அதனைப் பெரிதும் தீண்டாது. குறுந்தகட்டு இயக்கியை அணுகும் உரிமையை அதற்குத் தனியே வழங்க வேண்டியிருக்கலாம்.

9. விளைவைச் சரிபார்த்தல்

மேற்கண்ட எத்தீர்வைக் கைக்கொண்டாலும், பெறப்படும் ஒலியைச் சோதித்த பின்னரே பணியைத் தொடர வேண்டும். இதற்கு எளிய வழி ஒரு சான்றுத்தகட்டைப் பேணுவதாகும். கீறலற்ற தகடொன்றைப் புதுப்பிப்புக்கு முன் பெயர்த்தெடுத்து, அதன் சரிபார்ப்புத் தொகையைக் குறித்துவைக்க வேண்டும். புதுப்பிப்புக்குப் பின் அதே தகட்டை அதே இயக்கியில் பெயர்த்தெடுத்துத் தொகைகளை ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்திருப்பின் பெயர்த்தெடுப்பு மாறவில்லை என உறுதிகொள்ளலாம்.

இவ்வொப்பீட்டில் கருத்திற்கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவதாக, ஃபிளாக் கோப்பின் சரிபார்ப்புத் தொகையை முழுக்கோப்புக்கும் கணக்கிடுதல் தவறான முடிவைத் தரும். சுருக்கும் நிரலகத்தின் பதிப்பு கோப்பினுள்ளேயே எழுதப்படுவதால், நிரலகம் மாறினால் ஒலி மாறாதபோதும் கோப்பு மாறும். சுருக்கப்படாத ஒலிக்குரிய எம்டி5 தொகை ஃபிளாக் கோப்பின் தலைப்பகுதியில் தனியே பதியப்படுகிறது. அதனையே ஒப்பிட வேண்டும்.

இரண்டாவதாக, வெவ்வேறு இயக்கிகள் ஒலியின் தொடக்கத்தை வெவ்வேறு மாதிரிகளில் கொள்கின்றன. சில இயக்கிகளுக்கு இவ்விலகல் 6 மாதிரிகள். வேறு சிலவற்றுக்கு 667 மாதிரிகள். இதனைச் சரிசெய்யாது இரு இயக்கிகளின் தொகைகளை ஒப்பிட்டால், பிழையற்ற படிகளும் பிழையுடையனவாகத் தோன்றும்.

மூன்றாவதாக, அக்யூரேட்ரிப் தரவுத்தளம் பலர் பெயர்த்தெடுத்த வணிகத் தகடுகளுக்கே பயன்படும். உலகில் ஒரே படியாக உள்ள கள ஆய்வுத் தகட்டுக்கு அங்கு ஒப்பீடு கிடைக்காது. அத்தகைய தகட்டை இருமுறை பெயர்த்தெடுத்து, இயலுமாயின் விலகல் திருத்திய இரண்டாம் இயக்கியிலும் பெயர்த்தெடுத்து ஒப்பிடுவதே வழி.

10. முடிவுரை

இயங்குதளப் புதுப்பிப்புக்குப் பின் பெயர்த்தெடுப்பு மென்பொருள் நின்றுபோவது, ஒருவகையில் நிரலகத்தின் எண் முறை தன் கடமையைச் செய்வதன் அடையாளமாகும். ஒவ்வாத இரண்டை இணையவிடாது அது தடுக்கிறது. அத்தடையைப் பெயர்மாற்றத்தால் ஏமாற்றுவதை விடுத்து, காரணமறிந்து பொதி நிறுவல், மறுதொகுப்பு, பழைய நிரலகத்தை உடன்வைத்தல், தனிமைப்படுத்தல் ஆகியவற்றுள் பொருந்துவதைத் தேர்தல் வேண்டும்.

மேலும், சுவடியைப் பதிப்பிப்போர் எப்படியைக் கொண்டு பாடம் அமைத்தனர் எனக் குறிப்பது போல, ஒலி ஆவணத்தை உருவாக்குவோரும் இயக்கியின் வகை, மென்பொருள், நிரலகம் ஆகியவற்றின் பதிப்பு எண், சரிபார்ப்புத் தொகை, பெயர்த்தெடுத்த நாள் ஆகியவற்றைக் கோப்போடு பதிவு செய்தல் வேண்டும். தகடு சிதைந்த பின்னர் அக்கோப்பே மூலமாகிவிடும். அதன் நம்பகத்தன்மையைப் பின்வரும் ஆய்வாளர் மதிப்பிடுவதற்கு இக்குறிப்புகளே சான்றாக நிற்கும்.